பால்மாவு டின்

கமலவேணி டீச்சர் வரைகிற கிருமிக்கு எட்டுக் கால், இரண்டு கொம்பு. தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் அதை வரைந்து, சிவப்புச் சாக்கால் கண் வைத்து, கையில் ஒரு சூலத்தையும் கொடுத்துவிடுவாள். "இவன் யாரு?" என்று அவள் கேட்டால் நாற்பது பிள்ளைகளும் "எதிரி!" என்று கத்த வேண்டும். சத்தம் குறைவாக வந்த வரிசைக்கு அன்றைக்கு நகச் சோதனை உண்டு.

வீட்டிலும் அதே ஆட்சிதான். மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் அவள் குடியிருந்த வாடகை வீட்டைக் கண்டுபிடிக்க முகவரியே வேண்டாம், பினாயில் வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். மீன் கழுவினால் கையை மூன்று தரம் சோப்புப் போடுவாள். யாராவது வந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனால், அவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் ஈரத்துணி வந்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் புருஷனின் தலையணையை முகர்ந்து பார்த்து வெயிலில் தூக்கிப் போட்டவள் அவள். அவள் புருஷன் கருணாகரனுக்கு அதில் பெருமைதான்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்தான், நாட்டுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்த இரண்டாம் வருஷம், அந்த நாற்றம் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

வினை காலில் ஆரம்பித்தது. மராமத்து இலாகாவில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கருணாகரனுக்கு ஆணி குத்தி, கணுக்காலுக்கு மேலே கட்டி வந்தது. டாக்டர் நடராஜன் கட்டியைக் கீறிவிட்டு, ஏழு நாளைக்குக் கேப்சூல் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது புது மருந்து. மூன்றாம் நாளே புண் வாடிவிட்டது. கருணாகரனுக்கு ஏழு நாளோடு நிறுத்த மனசு வரவில்லை. இவ்வளவு நல்ல மருந்து கையில் இருக்கும்போது உடம்பில் மிச்சமிருக்கிற கிருமியையும் ஒரேயடியாக ஒழித்துவிடலாமே என்று, தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து இன்னும் இரண்டு டப்பா வாங்கி வந்தான். கமலவேணிக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப் போயிற்று. தானும் விழுங்கி, மகள்கள் ஜெயாவுக்கும் மல்லிகாவுக்கும் காலை மாலை ஒன்று என்று கொடுத்தாள். முன்காப்பாம். நாற்பது பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற டீச்சர் செய்த காரியம் இது.

மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கருணாகரனுக்கு வயிறு போக ஆரம்பித்தது. முதல் நாள் பத்துத் தடவை. மறுநாள் இருபது. அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தான், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றினார்கள், அவர்களும் செய்யாததில்லை. செத்தாலும் வீட்டில்தான் சாவேன் என்று அவன் பிடிவாதம் பிடித்துத் திரும்பி வந்தபோது, மூன்று சக்கரப் பெச்சாவிலிருந்து கமலவேணி ஒருத்தியே அவனைத் தூக்கி இறக்கினாள். அவ்வளவுதான் கனம்.

அந்த நாற்றத்தைச் சொல்லாமல் கதையை நகர்த்த முடியாது. அது சாதாரணக் கக்கூஸ் நாற்றம் இல்லை. அழுகின முட்டைக்கோஸும் பழைய ரத்தமும் கலந்த மாதிரி, இனிப்பாக ஒரு நெடி. பாயில் ஏறியது, சுவரில் ஏறியது, ஆறு முழம் தள்ளிக் கொடியில் காய்கிற பள்ளிச் சீருடையில் ஏறியது. சோற்றைப் பிசைந்தால் சோற்றில் அடித்தது. அவள் துணியை அலசுவாள், கொல்லையில் போய் ஓங்கரிப்பாள், திரும்பி வந்து அடுத்த துணியை எடுப்பாள். வாளிக் கக்கூஸ் அள்ள வருகிற ஆள், ஊர் நாற்றமெல்லாம் பார்த்தவன், ஒருநாள் பின் சந்தில் நின்றுகொண்டு, "என்னாம்மா இது, வீட்டுல யாருக்கு என்னா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான். கமலவேணிக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

டாக்டர் நடராஜன் சனிக்கிழமை காலையில் வந்து நாடி பார்த்தார். சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்த இளவயசு மனுஷன். மருந்து கொடுத்தது தான்தானே என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. அவளைக் கூப்பிட்டு அடுப்படியில் நிற்க வைத்துப் பேசினார்.

"டீச்சர், நான் ஒன்னு சொல்றேன். கோவிச்சுக்காம முழுசாக் கேளுங்க. நம்ம வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்கு."

"ஐயோ, இவருக்கா?"

"எல்லாருக்கும். உங்களுக்கும் எனக்குந்தான். அதுங்க கெட்டதுங்க இல்ல. நாம சாப்புடுறதுல அதுங்களுக்கும் பங்கு, பதிலுக்கு இடத்த நெரப்பி வச்சிருக்கும், வேற கெட்டது வந்து உக்கார விடாது. நாம மருந்து போட்டு எல்லாத்தையும் காலி பண்ணிட்டோம். காலி வீட்டுல ஒரு பொல்லாதது பூந்துகிட்டு ஆட்டம் போடுது. இனிமே மருந்து குடுத்து அத வெரட்ட முடியாது. நல்லதுங்களத் திரும்பக் கொண்டாந்து குடி வைக்கணும்."

"எந்தக் கடையில கெடைக்கும் டாக்டர்? சிங்கப்பூர்லேர்ந்து வரவழைக்கணும்னாலும் சரி."

டாக்டர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடையில கெடைக்காது. நல்ல தேக சுகமுள்ள ஒருத்தரோட மலத்த எடுத்து, உப்புத் தண்ணியில கலக்கி, வடிகட்டி, குழாய் வழியா பின்பக்கமா உள்ள ஏத்தணும்."

மலம் என்று சுத்தத் தமிழில்தான் சொன்னார். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கமலவேணிக்குக் காது இரண்டும் அடைத்துப் போயிற்று. தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து அவள் இன்னொரு தரம் கேட்க, அவர் இன்னொரு தரம் சொல்ல, அவள் தொட்டி முற்றத்துக்கு ஓடிப்போய்க் காலையில் குடித்த காப்பியைக் கொட்டிவிட்டு வந்தாள்.

"வெளிநாட்டு வைத்தியப் பத்திரிகையில போட்டிருக்காங்க. செஞ்சு பொழைச்சிருக்காங்க. நான் செஞ்சு பார்த்ததில்ல, நிச்சயம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒன்னும் செய்யாம விட்டா திங்கக்கிழமை தாங்கமாட்டாரு."

திங்கட்கிழமை. அவள் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். சனிக்கிழமைத் தாள் இன்னும் கிழிக்கப்படவில்லை.

"நான் குடுக்கறேன்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வீட்டுல யாராவது அந்த கேப்சூல் சாப்பிட்டீங்களா?"

"எல்லாருமே சாப்பிட்டோம் டாக்டர்," என்றாள். சொல்லும்போது பழக்க தோஷத்தில் கொஞ்சம் பெருமை கூட ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் செய்துவைத்த வேலை என்னவென்று புரிந்தது. அவளும் காலி, பிள்ளைகளும் காலி. தொண்டைப் புண்ணுக்காகப் போன வாரம் டாக்டரும் அதே மருந்தைச் சாப்பிட்டிருந்தார்.

"மருந்து மாத்திரையே படாத ஆளா இருக்கணும். நல்லா சாப்பிட்டு, நல்லா வெளிக்குப் போற ஆளு. கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா அவருக்கு?"

இருந்தான். கூப்பிடு தூரத்தில், கம்போங் செட்டியில் இருந்தான். அதுதான் வினை.

கருணாகரனின் அண்ணன் பொன்னுதுரை லோரி ஓட்டுகிறவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்போங் செட்டிப் பெண் சீதாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே வீடெடுத்துத் தங்கிவிட்டான். அந்த ஜனங்களுக்குப் பெயர்தான் செட்டி. சாமி நம்ம சாமி, விபூதி நம்ம விபூதி, வாயைத் திறந்தால் மலாய். சமையலும் அந்தக் கைப்பக்குவம்தான். கல்யாணத்துக்குப் பிறகு முதல் விருந்துக்குத் தம்பி குடும்பத்தை அழைத்தபோது, சீதா ஆசையாகச் சிஞ்சாலோக் பரிமாறினாள். பொடி இறாலை உப்பும் சோறும் போட்டுப் பாட்டிலில் அடைத்து, நாள் கணக்கில் நுரை கட்டிப் புளிக்க விட்டு எடுக்கிற பண்டம். மலாக்காவில் அதற்கு உயிரை விடுகிறவர்கள் உண்டு. கருணாகரன் ஒரு வாய் வைத்து, அதை அப்படியே தட்டில் துப்பினான். துப்பியதோடு விட்டிருக்கலாம். "செத்த இறால் அழுகின தண்ணி. இதத் திங்கறதுக்குப் பீயத் திங்கலாம்," என்றான், புதுப்பெண் கரண்டியோடு நிற்கிற நேரத்தில். அண்ணன் விட்ட அறையில் தம்பியின் மூக்குக் கண்ணாடி சாம்பாரில் போய் விழுந்தது.

மறுநாள் கருணாகரன் அண்ணனைக் கோயிலுக்குக் கூப்பிட்டு, சந்நிதிக்கு எதிரே கல்லில் சூடம் கொளுத்தி வைத்தான். "நானோ என் வீட்டாரோ, அண்ணன் வீட்டுலேர்ந்து எதுவும் எங்க வயித்துக்குள்ள போகாது. போனா நான் நாசமாப் போறேன்," என்று சொல்லி எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். ரோஷத்தில் ஓங்கி அடித்துவிட்டான் போலிருக்கிறது, ஒரு வாரம் கையில் கட்டோடு ஆபீசுக்குப் போனான். உள்ளங்கையில் கருத்த தழும்பு இன்னும் இருக்கிறது.

கமலவேணி யோசித்துப் பார்த்தாள். யாரிடம் போய்க் கேட்பது? ஹெட்மாஸ்டரிடமா? கூட வேலை பார்க்கிற விஜயா டீச்சரிடம் கேட்டால் திங்கட்கிழமை மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். முகம் தெரியாத எவனோ ஒருவனுடையதா? ச்சீ! அருவருப்பிலும் தரம் பார்க்கிற மனசு. ஒரே வயிற்றில் பிறந்தவனுடையது என்றால் கொஞ்சம் தேவலை என்று அந்த மனசு கடைசியில் ஒத்துக்கொண்டது. டாக்டரிடம், "இவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றாள். உள்ளே போய்ப் புருஷனிடம் புது மருந்து ஒன்று வாங்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். அண்ணன் இந்த வாசலில் கால் வைத்தால் மிச்சமிருக்கிற உயிரும் அந்தக் கோபத்திலேயே போய்விடும். அதனால் அவனை அழைத்து வர வழியில்லை. பொருள் மட்டும்தான் வரவேண்டும். பால்மாவு டின் ஒன்றைக் கொதிநீரில் கழுவி, துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். கொதிநீரில் கழுவும்போது அவளுக்கே சிரிப்பு வந்து தொலைத்தது.

சீதா அவளை வாசலில் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். பொன்னுதுரை குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"தம்பி…?" என்றான்.

"இருக்காரு மாமா. உங்ககிட்ட ஒன்னு கேக்கத்தான்…"

"மாக்கான் டூலு," என்று சீதா குறுக்கே விழுந்தாள். முதலில் சாப்பாடு. அவள் வீட்டில் அதுதான் வழக்கம். வாசல் மிதித்து வந்தவர் கை நனைக்காமல் எந்தப் பேச்சும் எடுக்கக் கூடாது, அது நல்ல சேதியானாலும் கெட்ட சேதியானாலும். கமலவேணி நேரமில்லை என்றாள், பசியில்லை என்றாள், மலாயிலும் சொல்லிப் பார்த்தாள். சீதா அசையவில்லை. தட்டு வந்தது. சோறு, வறுத்த மீன், வெள்ளரிக்காய், ஓரத்தில் ரோஸ் நிறத்தில் கூழாக, சின்னச் சின்னக் கறுப்புக் கண்களோடு அதுவும் இருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தாலும் அடியில் இருந்த நாற்றம் நாற்றம்தான்.

பின்னால் அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் உள்ளே குமிழிகள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. அவள் பார்ப்பதைச் சீதா பார்த்துவிட்டு, குழந்தையைக் காட்டுகிற மாதிரி சந்தோஷமாக, "டியா ஹிடோப்," என்றாள். உயிரோடு இருக்கிறதாம். கமலவேணிக்குத் தொண்டைக் குழியில் ஒன்று ஏறி வந்தது. அதை விழுங்கினாள். அதற்கு மேல் சோற்றோடு சேர்த்து இறால் கூழையும் வாயில் வைத்தாள். பல்லில் நரநரவென்று ஏதோ கடிபட்டது. உப்பு, புளிப்பு, கடல் சேறு. கண்ணில் தண்ணீர் முட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் தின்று முடித்தாள். திங்கட்கிழமை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தின்றாள்.

கை கழுவிவிட்டு வந்து, தரையைப் பார்த்தபடி, டாக்டர் சொன்னதை ஒப்பித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, ஒரு சொல் விடாமல். டின்னை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

பொன்னுதுரையின் கழுத்து நரம்பு புடைத்தது. "என்னா வேணி, ஆறு வருஷம் கழிச்சு வந்து என் மூஞ்சில காறித் துப்பறியா? அவன் அன்னிக்கிச் சொன்னதுக்கு இன்னிக்கி நீ வந்து…"

"டாக்டர கேட்டுப் பாருங்க மாமா. வெளாட்டுக்கா நான் இந்த டின்ன தூக்கிட்டு வருவேன்? அவரு திங்கக்கெழம வரைக்குந்தான்."

அவன் உட்கார்ந்துவிட்டான். கோபம் வடிந்து அந்த இடத்தில் பயம் வந்து நின்றது.

"முடியாது வேணி. அசிங்கம்னு சொல்லல. என் தம்பிக்கு என் உசுரக் கேட்டாலும் குடுப்பேன். ஆனா அவன் சூடம் அடிச்சிருக்கான். இந்த வீட்டுலேர்ந்து எதுவும் வயித்துக்குள்ள போனா நாசமாப் போறேன்னு ஆத்தா முன்னால அடிச்சிருக்கான். நான் குடுத்து, அதுவே அவன எடுத்துக்கிச்சுன்னா? நானே கொன்ன மாதிரி ஆயிடாதா?"

நாட்கணக்கில் அழுகல் நாற்றத்தில் கிடந்து, இறால் கூழையும் தின்றுவிட்டு நிற்கிறவளுக்கு அதற்கு மேல் பொறுமை எங்கிருந்து வரும்?

"அவரு என்னா சொல்லி அடிச்சாரு? நானோ என் வீட்டாரோன்னுதானே? இப்ப யாரு மாமா தின்னது? அக்கா போட்ட சோத்த, அந்தக் கண்றாவிய, ஒரு சொட்டு விடாம யாரு தின்னா? சத்தியம் போச்சு. நான் ஒடச்சிட்டேன். வர்றது வரணும்னா என் தலையில வரட்டும். நீங்க எழுந்திருங்க."

சீதாவுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. ஆனால் டின்னை எடுத்துப் புருஷன் கையில் திணித்தது அவள்தான்.

"நேத்து ஆட்டெறச்சி சாப்பிட்டேனே," என்றான் பொன்னுதுரை, போகிற போக்கில் திரும்பி. "ஒருநாள் வெரதம் இருந்துட்டுக் குடுத்தா சுத்தமா இருக்காதா?"

"வேணாம் மாமா. இருக்கறபடி குடுங்க."

கொல்லைக் கோடியில் தகரக் கக்கூஸ். கமலவேணி கொஞ்ச தூரம் தள்ளி, வாழை மரத்தடியில், மூக்கில் முந்தானையை அழுத்திக்கொண்டு நின்றாள். ஈ மொய்த்தது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று கால்மாட்டில் எதையோ கிளறியது. நினைத்த நேரத்துக்கு வருகிற சமாச்சாரமா இது? கால் மணி நேரம் போயிற்று. தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தங்களில் ஒன்று அவள் எதிர்பார்க்காதது. அதைக் கேட்டதும் இரண்டு எட்டு இன்னும் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

அவன் வெளியே வந்து மூடிய டின்னை இரண்டு கையாலும் நீட்டினான். முகத்தைக் கழுவியிருந்தான். டின் சூடாக இருந்தது. அந்தச் சூடு பையைத் தாண்டி, சேலையைத் தாண்டி, இடுப்பில் உறைத்தது. சாகிறவரைக்கும் அந்த இடத்தில் சோப்புப் போட்டாலும் போகாது என்று அவளுக்குத் தோன்றியது.

வழியில் பெச்சா கிடைத்தது. முக்கில் திரும்பும்போது விஜயா டீச்சர் குடையோடு நின்றுகொண்டு, "டீச்சர், சார் எப்படி இருக்காரு? அது என்னா டின்னு, பலகாரமா?" என்று கிட்டே வந்து குனிந்தாள்.

"சிஞ்சாலோக்," என்றாள் கமலவேணி. வாயில் அதன் நாற்றம் இருந்ததால் அதுதான் முதலில் வந்தது.

"ச்சீ! நீங்களா? கம்போங் செட்டிச் சரக்கா?" விஜயா டீச்சர் மூன்று அடி பின்னால் போனாள். பெச்சாக்காரன் அதற்கு முன்பே மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் டாக்டர் உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற வைத்திருந்தார். முட்டை அடிக்கிற கருவி இருக்கிறதா என்று கேட்டார். அவள் தாய்வீட்டுச் சீர், கேக் செய்ய மட்டும் எடுக்கிற கருவி, அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்தது. அதை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரோடு வந்த நர்ஸ் டின்னைத் திறந்ததும் ஓங்கரித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எனவே டாக்டர் ஊற்ற, கமலவேணி அடித்தாள். பழுப்பாக நுரை வந்தது. நுரை அவள் மணிக்கட்டில் தெறித்தது. மல் துணியில் ஊற்றிப் பிழியச் சொன்னார். பிழிந்தாள். வெள்ளரி விதை ஒன்று துணியில் தங்கியது. தான் அந்த வீட்டில் சாப்பிட்ட வெள்ளரிக்காய் நினைவுக்கு வர, தலையைத் திருப்பித் தோளிலேயே வாந்தி எடுத்தாள். பிழிவதை நிறுத்தவில்லை.

குழாய் போட்டபோது கருணாகரன் கண்ணைத் திறந்து, "என்னா மருந்து?" என்றான், காற்றாக.

"நல்ல மருந்துங்க. பேசாம படுங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்துத் தடவை போனான். திங்கட்கிழமை நான்கு. சாகவில்லை. டாக்டர் தினம் இரண்டு தரம் வந்து பார்த்தார், இன்னொரு முறை செய்தார், இன்னொரு டின் வந்தது. வியாழக்கிழமை காலையில் கமலவேணி வாளியைப் பார்த்தாள். மனுஷன் போகிற மாதிரி, உருவாக, ஒன்று கிடந்தது. அவள் கொல்லையில் நின்று அதைப் பார்த்து அழுதாள். அழுதுகொண்டே, இதற்கெல்லாம் அழ வேண்டி வந்துவிட்டதே என்று தன் மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது. அந்த முட்டைக் கருவியை மட்டும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள்.

ஒரு மாதத்தில் கருணாகரன் எழுந்து உட்கார்ந்து, சட்டைக்குக் கஞ்சி போதவில்லை என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பிரசங்கம். "என்னா காரணம் தெரியுமா? ஒழுக்கம். கண்டதையும் தின்னாத வயிறு. வேற எவனா இருந்தாலும் போயிருப்பான்." அதோடு நிறுத்த மாட்டான். "கூடப் பொறந்தவன்னு ஒருத்தன் பத்து நிமிஷ நடையில இருக்கான். சாகக் கெடந்தேன், எட்டிப் பாத்தானா? மிருகம் அவன்." கமலவேணி தண்ணீர்த் தட்டோடு கேட்டுக்கொண்டு நிற்பாள். கக்கூஸ் துணியை அலசிய நாளில் வந்த அதே குமட்டல் இப்போது இந்த வாயைப் பார்த்து வந்தது.

அப்படி அவன் பிரசங்கம் செய்த ஒரு சாயங்காலம், எதிரே முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தவள் விஜயா டீச்சர். "ஒழுக்கம்னா சொல்றீங்க சார்? உங்க வீட்டம்மா அன்னிக்கிக் கம்போங் செட்டியிலேர்ந்து சிஞ்சாலோக் டின்னோட பெச்சாவுல வந்தாங்களே! உங்களுக்கா அது?" என்று சிரித்தாள். சொன்னதின் கனம் தெரியாமல் இன்னொரு முறுக்கும் எடுத்துக்கொண்டாள்.

விஜயா டீச்சர் கேட்டைத் தாண்டும்வரைக்கும் கருணாகரன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியைத் துடைக்க அன்றைக்கு ஈரத்துணி வரவில்லை.

"அவன் வீட்டு வாசப்படிய மிதிச்சியா?"

"மிதிச்சேன்."

"தின்னியா?"

"தின்னேன். ஒரு தட்டு நெறைய."

"சூடம் அடிச்சிருக்கேன்டி நான்!" அவன் தழும்புக் கையைத் தூக்கிக் காட்டினான். "எனக்கும் குடுத்தியா? அந்த டின்ன எனக்கா கொண்டாந்த?"

"உங்களுக்குத்தான். ஆனா அது சிஞ்சாலோக் இல்ல."

அவள் சொன்னாள். டாக்டர் மாதிரி சுத்தத் தமிழில் சொல்லவில்லை. விருந்தில் அவன் என்ன சொல்லைச் சொன்னானோ அதே சொல்லில் சொன்னாள். யாருடையது, எப்படிக் கலக்கினாள், எதனால் அடித்தாள், எந்த வழியாக ஏற்றினார்கள், எத்தனை தடவை, எல்லாம். ஒரு மாதமாக உள்ளே கிடந்தது மொத்தமும் வெளியே வந்தது.

கருணாகரன் சுவரைப் பிடித்துக்கொண்டு தொட்டி முற்றத்துக்கு ஓடினான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலைத் தொண்டைக்குள் விட்டான். உவ்வே உவ்வே என்று உடம்பெல்லாம் குலுங்கியது. எச்சில்தான் வந்தது.

"வாந்தியில வராதுங்க," என்றாள் கமலவேணி, நிலைப்படியில் நின்றபடியே. "அது குடி வந்து ஒரு மாசமாச்சு. அது இருக்கறதாலதான் நீங்க இருக்கீங்க. நீங்க வெரட்டினா அதோட நீங்களும் போகணும்."

அவன் மறுபடியும் விரலை விட்டான். விரல் வாயில் இருக்கும்போதே, குழறலாக, "சிரிச்சிருப்பானே," என்றான். "பொண்டாட்டியும் புருஷனும் வயிறு குலுங்கச் சிரிச்சிருப்பாங்களே, தம்பி என் பீயத் தின்னான்னு."

"நான் வாழமரத்தடியில நின்னேன்," என்றாள் அவள். "உள்ள அவரு அழுதாருங்க. அவ்ளோ பெரிய மனுஷன், கக்கூஸ்ல உக்காந்துகிட்டு, தம்பி, தம்பின்னு வாய்விட்டு அழுதாரு. வெளிய வந்து டின்ன நீட்டறதுக்கு முன்னால மூஞ்சக் கழுவிக்கிட்டாரு."

கருணாகரன் வாயிலிருந்து விரலை எடுத்தான்.